பட்டியல் உடைந்தால் அழிப்பதா, மீட்பதா? மலையகத்துப் படிப்பகம் ஒன்றின் லினக்ஸ் கணினிகளுக்காக ஓர் ஒப்பீடு

ஐப்பசி மாதத்துப் பின்நேரம் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று மலையகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், மூன்று மணிக்கு இடி விழத் தொடங்கும், அதோடு கரண்டும் போகும். இலங்கையின் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பழைய பிள்ளைக்காம்பராவை (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்) திருத்தி எடுத்த படிப்பகத்தில் பன்னிரண்டு மேசைக் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் யாரோ பாவித்துக் கொடுத்தவை. எல்லாவற்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயக்குதளம். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யுபிஎஸ் இரண்டு கணினிக்குத்தான் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஏழாம் நம்பர் கணினி மேம்படுத்தலின் நடுவில் கரண்ட் போய் அணைந்தது. அடுத்த நாள், மென்பொருள்களை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியின் கட்டளை எதைக் கொடுத்தாலும் ஒரே பதில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: பொதிப் பட்டியல்களையோ நிலைக் கோப்பையோ படிக்கவோ திறக்கவோ முடியவில்லை.

இந்தச் செய்தியைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதில் வரும் அந்த 'ஓ'வைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். பட்டியல்களையோ, நிலைக் கோப்பையோ. இரண்டில் எது உடைந்தது என்று தெரியாமல் கை வைத்தால், பத்து நிமிட வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

பொதி என்று நான் எழுதுவது மென்பொருள் பேக்கேஜை. பேக்கேஜ் என்றால் எங்கள் ஊரில் போனுக்குப் போடும் டேட்டா பேக்கேஜ்தான் முதலில் ஞாபகம் வரும், அதனால் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன்.

டெபியனிலும் உபுண்டுவிலும் இரண்டு வகைக் குறிப்பேடுகள் இருக்கின்றன. ஒன்று, இணையத்தில் எந்தெந்தப் பொதி கிடைக்கிறது, எந்தப் பதிப்பு, அதற்கு வேறு எவையெல்லாம் வேண்டும் என்று சொல்லும் பட்டியல். அது வார், லிப், ஆப்ட், லிஸ்ட்ஸ் (/var/lib/apt/lists) என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் கோப்புறையில் கிடக்கும். மற்றது, இந்தக் கணினியில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பதிவு. அது வார், லிப், டிபிகேஜி (/var/lib/dpkg) கோப்புறைக்குள் ஸ்டேட்டஸ் என்ற பெயரில் ஒரே கோப்பாக இருக்கும். டிபிகேஜி என்பது ஆப்டுக்கு அடியில் நின்று பொதிகளை நிறுவும் கருவி.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் விளங்கும். முதலாவது கொழும்புத் தேயிலை ஏலத்தின் விலைப்பட்டியல் மாதிரி. வாராவாரம் வருவது, தொலைந்தால் இன்னொரு பிரதி கேட்டு வாங்கலாம். இரண்டாவது செக்ரோல், தோட்டத்தின் வேலைப் பதிவேடு. யார் எத்தனை நாள் பேர் கொடுத்தார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்பது அந்தப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அது தண்ணீரில் நனைந்து போனால் கொழும்பில் யாரிடம் கேட்டும் கிடைக்காது. விலைப்பட்டியலுக்குச் செய்வதைச் செக்ரோலுக்குச் செய்யக் கூடாது.

எது உடைந்தது என்பதை அந்தச் செய்திக்கு மேலே உள்ள வரியே சொல்லிவிடும். பெரும்பாலும் 'மெர்ஜ்லிஸ்ட்' என்ற சொல்லும், அதன் பக்கத்தில் ஒரு கோப்பின் முழுப் பாதையும் இருக்கும். பாதையில் லிஸ்ட்ஸ் என்று வந்தால் விலைப்பட்டியல். டிபிகேஜி, ஸ்டேட்டஸ் என்று வந்தால் செக்ரோல். எங்கள் பிள்ளைகள் கடைசி வரியை மட்டும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். இப்போது மேல் வரியோடு சேர்த்து அனுப்பப் பழகிவிட்டார்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது இடம். வட்டு நிறைந்திருந்தால் பட்டியல் பாதியோடு எழுதப்பட்டு நின்றுவிடும். திரும்பத் திரும்ப இறக்கினாலும் திரும்பத் திரும்பப் பாதிதான் வரும். இரண்டாவது நேரம். பழைய கணினிகளின் மதர்போர்டில் இருக்கும் 2032 பட்டன் பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போனதும் கடிகாரம் நேரத்தை மறந்துவிடும். காலையில் போட்டால் உண்மையான நேரத்துக்குப் பின்தங்கியிருக்கும். அந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், இன்று வெளியான பாதுகாப்புப் பட்டியல் நாளைக்கு வரப்போவது போலத் தெரியும். 'இது இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஆப்ட் அதைத் தள்ளிவிடும். அங்கே உடைந்த பட்டியல் ஒன்றுமே இல்லை. பேட்டரியை மாற்றி நேரத்தைச் சரி செய்தால் போதும். எங்கள் பன்னிரண்டில் நான்கு கணினிக்கு இதுதான் வியாதி.

மூன்றாவது, வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த மோசமான சேதம் இங்கேதான் நடந்தது.

உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் சனிக்கிழமை காலையில் கணினிகளைத் திறந்து வைப்பார். ஒரு நாள் போன் எடுத்தார். "அண்ணே, லாக் ஃபைல் இருக்குன்னு நிக்குது. அழிச்சிரவா?"

"வேணாம் தம்பி. அதைப் பிடிச்சிருக்கிறது எதுன்னு அதுலயே போட்டிருக்கும், பாருங்க."

பார்த்தால் தானியங்கி மேம்படுத்தல். இரவெல்லாம் அணைந்து கிடந்த கணினி காலையில் எழும்பியதும், விட்டுப்போன அன்றாட வேலையைத் தானாகவே தொடங்கியிருக்கிறது. பத்து நிமிடத்தில் அது முடிந்தது, பூட்டும் விட்டது.

லாக் கோப்பை, அதாவது பூட்டுக் கோப்பை, அழிக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கோப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும். கோப்பு இருப்பது பூட்டு அல்ல. அதன்மேல் ஒரு நிரல் போட்டிருக்கும் பிடியை இயக்குதளத்தின் கருவே கவனித்துக்கொள்கிறது. நிரல் செத்தால் பிடியும் தானாகப் போய்விடும். கோப்பை அழித்தால் பழைய நிரல் பழைய கோப்பைப் பிடித்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். புது நிரல் புதுக் கோப்பைப் பிடித்துக்கொண்டு தானும் உள்ளே நுழையும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே செக்ரோலில் எழுதினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். ஆப்டின் புதிய பதிப்புகள் பூட்டைப் பிடித்திருக்கும் நிரலின் எண்ணையும் பெயரையும் காட்டுகின்றன. பழையவற்றில் ஃபியூசர் கட்டளை சொல்லும்.

சரி, இடமும் நேரமும் பூட்டும் சரியாகத்தான் இருக்கின்றன, உடைந்தது லிஸ்ட்ஸ் கோப்புறைதான் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன வழி இருக்கிறது?

ஆகக் குறைந்த வேலை, பட்டியல்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையை இன்னொரு முறை கொடுப்பது. 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வருவது பல நேரம் உங்கள் கணினியின் குற்றமே இல்லை. பொதிகளை வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தின் தலைப்புக் கோப்பில் ஒவ்வொரு பட்டியலுக்கும் உரிய எஸ்எச்ஏ 256 எண், கைரேகை மாதிரி, கையொப்பத்தோடு இருக்கும். இறக்கிய பட்டியலின் எண் அதோடு பொருந்தாவிட்டால் ஆப்ட் அதை ஏற்காது. களஞ்சியத்தின் நகலான மிரர் புதுப்பிக்கப்படும் நடுவில் நாம் போய் இறங்கியிருக்கலாம், அல்லது நடுவில் இறக்கியதைச் சேமித்து வைக்கும் ஏதோ ஒரு கேச் பழைய பட்டியலைப் புதுத் தலைப்போடு கலந்து கொடுத்திருக்கலாம். அரை மணி நேரம் கழித்து முயன்றால் சரியாகிவிடும். நான் பார்ப்பது ஒன்றுதான்: இரண்டாவது கணினியிலும் அதே பிழை வருகிறதா? வந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில், அதாவது வழியில் இருக்கிறது. அப்போது பன்னிரண்டு கணினியிலும் பட்டியலை அழித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இரண்டாவது வழி, ஆப்டின் கேச் கோப்புறையில் 'பின்' (.bin) என்று முடியும் இரண்டு கோப்புகளை மட்டும் அழிப்பது. அவை பட்டியல்களையும் நிலைக் கோப்பையும் வேகமாகப் படிப்பதற்காக ஆப்டே செய்து வைத்துக்கொள்ளும் தொகுப்பு. மூலம் நம்மிடமே இருப்பதால் ஒரு எம்பி கூடச் செலவில்லை, அடுத்த கட்டளையில் தானாக உருவாகும். ஆப்ட் பட்டியலைப் படிக்கும்போதே செத்து விழுகிறது என்றால் இதை முதலில் செய்து பார்ப்பேன். அழிக்கும் வழிகளில் ஆபத்தே இல்லாதது இது ஒன்றுதான்.

மூன்றாவதுதான் எல்லோரும் பழக்கத்தில் செய்வது: லிஸ்ட்ஸ் கோப்புறைக்குள் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி இறக்குவது. இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் மலையில் இதன் செலவு வேறு.

டெபியன் 12இல் 64,419 பொதிகள். 64 பிட் கணினிக்குரிய முதன்மைப் பட்டியல் சுருக்கிய நிலையில் ஏறக்குறைய 8.8 எம்பி, ஆங்கில விளக்கங்கள் இன்னும் 6.1 எம்பி. ஒரு கணினிக்குச் சுமார் 15 எம்பி. பன்னிரண்டுக்கும் சேர்த்தால் 180 எம்பி. ஃபைபர் இருப்பவர்களுக்கு இது பெரிதில்லை. மழை நேரத்தில் ஒரு கோடு காட்டும் சிக்னலில் போன் ஹொட்ஸ்பொட் போட்டு எடுப்பவர்களுக்கு இது ஒரு பின்நேரம் முழுக்க. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நிலையான வெளியீட்டின் முதன்மைப் பட்டியல் தினமும் மாறுவதில்லை, இடைத் திருத்த வெளியீடு வரும்போதுதான் மாறுகிறது. தினமும் மாறக்கூடியது பாதுகாப்புப் பட்டியல், அது சில நூறு கேபிதான். பட்டியல் நல்ல நிலையில் இருந்தால் அன்றாட அப்டேட் ஒரு படம் அனுப்பும் அளவுக்கே டேட்டா எடுக்கும். எல்லாவற்றையும் அழித்தவுடன் மாறாத அந்த 15 எம்பியையும் திரும்ப விலை கொடுத்து வாங்குகிறோம்.

அதனால் பிழைச் செய்தி சொல்லும் அந்த ஒரு கோப்பை மட்டும் அப்புறப்படுத்துவதே என் வழக்கம். செய்தியில் பாதுகாப்புப் பட்டியலின் பெயர் வந்தால் அதை மட்டும். ஆப்ட் இல்லாததை மட்டும் இறக்கிக்கொள்ளும். முழுக் கோப்புறையையும் அகற்ற வேண்டி வந்தாலும், அழிப்பதைவிட நகர்த்துவது நல்லது. லிஸ்ட்ஸ் கோப்புறைக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, காலியாக ஒரு புதிய லிஸ்ட்ஸ் செய்துவிடுங்கள். இறக்கம் பாதியில் நின்று அன்றைக்கு இணையமே வராமல் போனால், பழையதில் நல்லதாக இருக்கும் கோப்புகளையாவது திரும்ப வைத்துக்கொள்ளலாம். அழிக்கும் கட்டளையை ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, இருந்து அடிக்கும்போது ஒரு இடைவெளி தவறினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பெயர் மாற்றுவதில் அந்தப் பயம் இல்லை.

விளக்கங்களுக்கான 6.1 எம்பி உங்களுக்குத் தேவையா என்றும் யோசிக்கலாம். ஆப்டின் அமைப்புக் கோப்பில் மொழிகள் என்ற இடத்தில், எதுவும் வேண்டாம் என்ற பொருளில், 'நன்' (none) என்று எழுதிவிட்டால் அவை இறங்காது. பொதியின் பெயரும் ஒரு வரி விளக்கமும் இருக்கும், நீண்ட விளக்கம் மட்டும் இருக்காது. எங்கள் கணினிகளில் அதை நிறுத்திவிட்டேன், யாரும் கேட்டதில்லை.

பன்னிரண்டு கணினிக்கும் ஒரே பட்டியலைப் பன்னிரண்டு முறை இறக்குவதைத் தவிர்க்க மூன்று வழிகளை எடை போட்டுப் பார்த்தேன்.

முழு மிரரை உள்ளேயே வைத்துக்கொள்வது ஒன்று. ஒரு கட்டமைப்புக்கு (32 பிட், 64 பிட் போன்ற கணினி வகை) மட்டும் எடுத்தாலும் நூற்றுக்கணக்கான ஜிபி. எங்களுக்கு அது கதைக்கே உதவாது.

ஆப்ட் கேச்சர் என்ஜி இரண்டாவது. ஒரு கணினி நடுவில் நின்று 3142ஆம் போர்ட்டில் கேட்கும். முதல் கணினி கேட்டதை இறக்கி வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு அதையே கொடுக்கும். 180 எம்பியில் ஒரு சிறு பங்குதான் வெளியிலிருந்து வர வேண்டும். பொதிகளுக்கும் அப்படியே, அங்கேதான் மிச்சம் இன்னும் அதிகம். நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான், யுபிஎஸ் இருக்கும் கணினிகளில் ஒன்றில் ஓடுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கக் கிடைக்கும் இரவு டேட்டாவில் அந்த ஒரு கணினி மட்டும் விழித்திருந்து வேண்டியதை எடுத்து வைத்துவிடும்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். நடுவில் நிற்பவரிடமே ஒரு கெட்ட பட்டியல் தங்கிவிட்டால் பன்னிரண்டுக்கும் அதையே கொடுப்பார். கணினி கணினியாக லிஸ்ட்ஸை அழித்துக்கொண்டு போனாலும் அதே பிழை. எங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்தது, மூன்று கணினியில் வேலை செய்த பிறகுதான் புரிந்தது. கேச்சரின் கோப்புறையில் அந்தப் பட்டியலை அழித்தவுடன் எல்லாம் சரி. இன்னொன்று, ஹாஷ் பிழைக்கு மருந்தாகச் சிலர் களஞ்சிய முகவரியை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்வார்கள். நடுவில் உள்ள கேச்கள் கை வைக்க முடியாது என்பதால் அது வேலை செய்யும்தான். ஆனால் நம் கேச்சராலும் அப்போது சேமித்து வைக்க முடியாது. ஒன்றைப் பெற்றால் மற்றது போகும். தனி மடிக்கணினி வைத்திருப்பவருக்கு எச்டிடிபிஎஸ், பல கணினி உள்ள இடத்துக்குக் கேச்சர் என்பது என் கணக்கு. கையொப்பச் சரிபார்ப்பு இரண்டிலும் ஒன்றுதான், அதில் குறைவு வராது.

மூன்றாவது வழி ஆப்ட் ஆஃப்லைன். இணையமே இல்லாத தோட்டங்களுக்கு இதைத்தான் சொல்வேன். கணினி தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதிக் கொடுக்கும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஹட்டன் டவுனில் நல்ல இணையம் உள்ள இடத்துக்குப் போய், அங்கே விண்டோஸ் இருந்தாலும் பைத்தன் இருந்தால் போதும், வேண்டியதை ஒரு மூட்டையாக இறக்கிக்கொண்டு வரலாம். திரும்பி வந்து நிறுவும்போது கையொப்பமும் பார்க்கப்படும். ஒரே நிபந்தனை, கணினி நன்றாக இருக்கும்போதே ஆப்ட் ஆஃப்லைனை அதில் நிறுவி வைத்திருக்க வேண்டும். பட்டியல் உடைந்த பிறகு அதை நிறுவப் போனால் வழியில்லை.

நல்ல கணினியின் லிஸ்ட்ஸ் கோப்புறையை அப்படியே கெட்ட கணினிக்குக் கொப்பி பண்ணலாமா என்று கேட்பார்கள். அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். ஆனால் எண்ணும் கையொப்பமும் சரிபார்க்கப்படுவது இறக்கும் நேரத்தில். பென் டிரைவில் வந்ததை ஆப்ட் அப்படியே நம்பிப் படிக்கும். ஆகவே உங்கள் கையில் இருக்கும், அதே வெளியீட்டு, அதே கட்டமைப்புக் கணினியிலிருந்து மட்டும் எடுங்கள். எங்களிடம் இரண்டு 32 பிட் கணினிகள் இருக்கின்றன. மற்றவற்றின் பட்டியல் அவற்றுக்கு உதவாது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தும் நாங்கள் 12இலேயே நிற்பதற்கும் அவைதான் காரணம். 13இல் அந்தப் பழைய கட்டமைப்புக்கு நிறுவி இல்லை.

இனி செக்ரோல்.

ஏழாம் நம்பர் கணினிக்கு வருகிறேன். மெர்ஜ்லிஸ்ட் வரியில் இருந்தது டிபிகேஜியின் ஸ்டேட்டஸ். நான் வருவதற்குள் நல்ல மனதோடு ஒரு பிள்ளை லிஸ்ட்ஸ் கோப்புறையை இரண்டு முறை அழித்து இறக்கியிருந்தார். 30 எம்பி போனது, பிழை அப்படியே இருந்தது. இன்னும் ஒரு படி தாண்டவில்லை என்று நிம்மதிப்பட்டேன். ஸ்டேட்டஸ் கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் காலிக் கோப்பு ஒன்றைச் செய்தால் பிழைச் செய்தி மறைந்துவிடும். அதோடு, இந்தக் கணினியில் ஒரு பொதி கூட நிறுவப்படவில்லை என்று ஆப்ட் நம்பத் தொடங்கும். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் முழு இயக்குதளத்தையும் புதிதாக நிறுவப் பார்க்கும். பிழை மறைவது வேறு, பிழை தீர்வது வேறு.

முதல் வேலையாக, எதையும் திருத்தாமல் வார், லிப்புக்குள் இருக்கும் டிபிகேஜி கோப்புறை முழுவதையும், ஆப்டின் எக்ஸ்டென்டட் ஸ்டேட்ஸ் கோப்பையும் டார் கட்டிப் பென் டிரைவுக்கு எடுத்தேன். அந்த இரண்டாவது கோப்பில்தான் எந்தப் பொதி நாம் கேட்டு வந்தது, எது துணைக்குத் தானாக வந்தது என்ற விவரம் இருக்கிறது. பிறகு ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து அடிப்பக்கம் போனேன். ஒரு பொதியின் விளக்கம் பாதி வாக்கியத்தில் நின்று, அதற்குக் கீழே தொப்பிக் குறியும் அட் குறியும் மாறி மாறிப் பக்கம் பக்கமாக. வட்டில் வெறும் பூச்சியங்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

டிபிகேஜி இந்தக் கோப்பைக் கவனமாகத்தான் எழுதும். புதுக் கோப்பில் முழுவதையும் எழுதி, வட்டில் இறங்கிவிட்டதா என்று உறுதி செய்து, அப்புறம்தான் பெயரை மாற்றி வைக்கும். அப்படியும் உடைந்தது என்றால் வட்டை நான் சந்தேகப்படுவேன். வட்டு தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் சோதனை அதையே சொன்னது: மாற்றப்பட்ட செக்டர்கள் இருந்தன. அணையும் நொடியில் வட்டு எழுதிவிட்டேன் என்று சொன்னதை எழுதவில்லை.

மீட்பதற்கு மூன்று பிரதிகள் கைவசம் இருக்கக்கூடும். முதலாவது அதே கோப்புறையில் ஸ்டேட்டஸ் ஓல்ட், கடைசி மாற்றத்துக்கு முந்திய நிலை. இரண்டாவது, வார் கோப்புறையில் பேக்கப்ஸ் என்பதற்குள் டெபியன் நாள்தோறும் எடுத்து வைக்கும் பிரதிகள். மாற்றம் இருந்தால் மட்டும் எடுக்கும், ஏழு வரை வைத்திருக்கும், பூச்சியம் என்று முடிவது ஆகப் புதியது. மூன்றாவது நீங்களே வெளியே எடுத்து வைத்தது. ஓல்ட் முழுதாக இருந்தால் அதுவே சிறந்தது, ஏனென்றால் அந்தக் கடைசி மாற்றத்தைத் தவிர, நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் செய்தது எதுவும் தொலையாது. முழுதாக இருக்கிறதா என்று பார்க்க, 'பேக்கேஜ்' என்று தொடங்கும் வரிகளை எண்ணினேன். உடைந்த ஸ்டேட்டஸில் 1,102. ஓல்டில் 1,684. நேற்றைய பிரதியில் 1,671. ஓல்டின் கடைசிப் பக்கமும் சுத்தமாக இருந்தது. அதையே ஸ்டேட்டஸ் ஆக்கினேன்.

அங்கேயே நின்றுவிடக் கூடாது. டிபிகேஜியின் ஆடிட் கட்டளையைக் கொடுத்தால் பாதியில் நிற்கும் பொதிகள் தெரியும். எங்களுக்கு ஐந்து வந்தன. எல்லாவற்றையும் உள்ளமைக்கும் கட்டளையைக் கொடுத்து, அதன் பிறகு ஆப்டின் உடைந்ததைச் சரிசெய்யும் கட்டளை. நான்கு சரியாகின. ஐந்தாவதின் கோப்புப் பட்டியல், டிபிகேஜிக்குள் இன்ஃபோ என்ற கோப்புறையில் இருப்பது, கடைசி வரி இல்லாமல் அறுந்திருந்தது. டிபிகேஜி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அந்த ஒரு பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தப் பொதியை மீள்நிறுவல் செய்தேன், சரியானது. அப்டேட்ஸ் என்ற சிறு கோப்புறையில் ஏதாவது ஒரு கோப்பு உடைந்ததாகச் சொன்னாலும் இதே முறைதான். அந்த ஒன்றைப் பிரதி எடுத்து ஒதுக்க வேண்டும். கோப்புறை முழுவதையும் துடைக்கக் கூடாது, இன்னும் ஸ்டேட்டஸில் சேராத மாற்றங்கள் அங்கே இருக்கலாம்.

ஓல்டும் கெட்டு, நேற்றைய பிரதியைத்தான் எடுக்க வேண்டி வந்திருந்தால் இன்னொரு வேலை கூடும். டிபிகேஜியின் நிகழ்வுப் பதிவேட்டில் அந்தப் பிரதிக்குப் பிறகு நிறுவியது, நீக்கியது எல்லாம் நேரத்தோடு இருக்கும். அதைப் பார்த்து, நிறுவியவற்றை ஒவ்வொன்றாக மீள்நிறுவல் செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து பொதி என்றால் பரவாயில்லை. பிரதி எதுவுமே இல்லாமல், இன்ஃபோ கோப்புறையில் உள்ள பெயர்களை வைத்து ஸ்டேட்டஸைத் திரும்பக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். முடியும், ஆனால் பதிப்பு எண்கள் பொருந்தாமல் நாள்கணக்கில் இழுக்கும். அந்த நிலைக்கு வந்தால் புதிதாக நிறுவுவதே மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

புதிதாக நிறுவுவதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். கேச்சரில் பொதிகள் ஏற்கெனவே இருப்பதால் எங்களுக்கு ஒரு கணினிக்கு ஒன்றரை மணி நேரம்தான் எடுக்கிறது. பிள்ளைகளின் கோப்புகள் தனிப் பிரிவில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. கேட்டு நிறுவிய பொதிகளின் பெயர்களை ஆப்ட் மார்க் கட்டளையால் முன்பே எழுதி வைத்திருந்தால், அந்த ஒரு பட்டியலைக் கொடுத்து எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்கலாம். வட்டே போய்க்கொண்டிருக்கும்போது பழைய நிறுவலை மீட்டு மீட்டுப் பார்ப்பதில் அர்த்தமும் இல்லை. ஏழாம் நம்பரை நான் மீட்டது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த வாரம் ஒரு கணினி குறையக் கூடாது என்பதால்தான். மாத முடிவில் வேறு வட்டுப் போட்டுப் புதிதாகவே நிறுவினேன்.

டெபியன் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிவு எல்லா இடத்திலும் இதுதான். ஆர்ச் லினக்ஸில், அதன் பொதிக் கருவியான பேக்மேனின் கோப்புறைக்குள் சிங்க் என்பது விலைப்பட்டியல், லோக்கல் என்பது செக்ரோல். ஃபெடோரா லினக்ஸில், அதன் பொதிக் கருவியான ஆர்பிஎம்மின் தரவுத்தளத்தைத் திரும்பக் கட்டுவதற்கென்றே கட்டளை இருக்கிறது; அதைக் கொடுக்கும் முன் யூஎஸ்ஆர், லிப், சிஸ்இமேஜுக்குள் (/usr/lib/sysimage) இருக்கும் ஆர்பிஎம் கோப்புறையைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். டெபியன் எடுக்கும் ஏழு பிரதியும் அதே வட்டில்தான் இருக்கின்றன, வட்டு போனால் அவையும் போகும். அதனால் வெள்ளிக்கிழமை ஒவ்வொரு கணினியின் ஸ்டேட்டஸ் கோப்பும், எக்ஸ்டென்டட் ஸ்டேட்ஸும், கேட்டு நிறுவிய பொதிகளின் பெயர்ப் பட்டியலும் கேச்சர் கணினிக்கு வந்து சேரும். சுருக்கினால் ஒரு கணினிக்குச் சில எம்பி கூட வராது. மாதத்தில் ஒருமுறை அது ஒரு பென் டிரைவுக்கும் போகும், அந்தப் பென் டிரைவ் என் வீட்டில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேம்படுத்தலைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுகிறோம். மேலே மலையில் மேகம் இறங்கத் தொடங்கினால், பாதியில் இருக்கும் தரவிறக்கத்தைத் தம்பி நிறுத்திவிடுவார். தரவிறக்கத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுவல் தொடங்கிவிட்டால் நிறுத்தக் கூடாது என்று கேச்சர் கணினியின் மேல் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார்.